பத்து மீட்டர் கல்லுக்கு ஆய்வு எதற்கு?

கேள்வி: ஐயா, மகளைக் கடலூர் பக்கம் மீனவர் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். படகு அணையும் இடத்தில் கல் கொட்டிக் கடலுக்குள் இன்னும் பத்து மீட்டர் நீட்டி, விளக்குக் கம்பமும் நடப்போகிறார்களாம். சுற்றுச்சூழல் ஆய்வு முடியவில்லை என்று வேலை நிற்கிறது. இவ்வளவு சின்ன வேலைக்கு ஆய்வு எதற்கு?
- வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, நானும் தருமபுரிக்காரன்தான். இருபது வயதில்தான் கடலையே பார்த்தேன். நம் ஏரிக்கரை கட்டின இடத்தில் நிற்கும். கடற்கரை அப்படியில்லை, மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். கடலூர், சென்னைப் பக்கமெல்லாம் வருடக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. பத்து மீட்டர் அந்த அளவுக்குச் செய்யாது. ஆனாலும் வடக்கே அடுத்த குப்பத்தில் யார் வீடு இருக்கிறது என்று முதலில் பார்க்கத்தானே வேண்டும்?

அப்புறம் விளக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில் முட்டையிடும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊருக்குள் ஊர்ந்து வந்து செத்துப்போகும். விளக்கைத் தாழ்த்தி, கடலுக்கு முதுகு காட்டி வைத்தால் போதும்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவில் கரையோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் யார் என்று கேட்டு, நேரில் போய்ப் பேசட்டும்.