கட்டைக்குள் நடக்கும் வேலை

கேள்வி: விழுந்து கிடந்த மரக்கட்டையில் காளான் பூத்திருந்தது. அதன் அடியில் கட்டை வெளுத்து, ஈரமாக, நார்நாராகப் பிரிந்து வந்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதிகள் காளானின் குடையில்தான் உருவாகின்றனவா?

பதில்: இல்லை. குடை, வித்துகளைப் பரப்புவதற்காகப் பிற்பாடு எழும் உறுப்பு மட்டுமே. நொதிகளைச் சுரப்பவை கட்டைக்குள் ஊடுருவியிருக்கும் மெல்லிய பூசண இழைகள். இழையின் செல்லுக்குள் உருவாகும் நொதிப் புரதம் நுண்பைகளில் ஏறி, வளர்ந்துகொண்டிருக்கும் இழைநுனியை அடைந்து, அங்கிருந்து மரத்துக்குள் கசிகிறது.

நொதி என்றதும் பூட்டையும் சாவியையும் உவமை சொல்வது பள்ளிப்பாட வழக்கம். லிக்னினிடம் அது அவ்வளவாக எடுபடாது. ஒழுங்கற்றுப் பின்னிக் கிடக்கும் அதன் பிணைப்புகளை, ஸ்டார்ச்சை உடைப்பதுபோல நீரைச் சேர்த்து வெட்ட முடியாது. எனவே, 1983-இல் கண்டறியப்பட்ட லிக்னின் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கின்றன. நிலைகுலைந்த மூலக்கூறு பிறகு தானாகவே உடைகிறது. இதற்கு வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடையும் பூசணத்தின் வேறு நொதிகளே தயாரித்துக் கொடுக்கின்றன. செம்பு அணுக்கள் கொண்ட லாக்கேஸ் என்ற இன்னொரு நொதிக்கோ காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும்.

இவற்றுள் என்னை வியக்க வைப்பது மாங்கனீசு பெராக்சிடேஸ். சிதையாத மரத்தின் செல்சுவர்த் துளைகளுக்குள் நுழைய முடியாத அளவுக்கு நொதி பெரியது என்பதால், அது வெளியிலேயே நின்று மரத்திலுள்ள மாங்கனீசு அயனியின் எலக்ட்ரானைக் கவர்ந்து, வினைவேகம் மிக்கதாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. பூசணம் சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அந்த அயனியைப் பற்றிக்கொண்டு, வழியிலேயே வீணாகாமல் காக்கிறது.

இத்தனை பாடும் லிக்னினை உண்பதற்காக அல்ல. அது மூடி வைத்திருக்கும், சர்க்கரைச் சங்கிலியான செல்லுலோஸை எட்டுவதற்காகத்தான். மொட்டுக் காளானில் குடை உருவாகும் கட்டத்தில் லாக்கேஸ் சரிந்து, செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிகள் பெருகுவது இதற்குப் பொருந்துகிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஃபானரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூசணமோ, நைட்ரஜன் தீரும் நிலையில்தான் பெராக்சிடேஸ்களைச் சுரக்கத் தொடங்குகிறது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதை எண்ணினால் இது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் சிப்பிக் காளானுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கேள்வி: மரத்தில் வளரும் எல்லாக் காளான்களும் இப்படித்தானா?

பதில்: இல்லை. நீங்கள் கண்டது, லிக்னினும் சிதைந்து கட்டை வெளுக்கும் வெண்ணழுகல். பழுப்பழுகல் காளான்கள் லிக்னினைச் சற்றே மாற்றிப் பெரும்பாலும் விட்டுவிட்டு, செல்லுலோஸை உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சும் கட்டை கட்டங்கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பழுப்புப் பொடியாக உதிரும்.