துப்பாக்கி பெட்டிங் சரியில்லை என்று வழக்குப் போடும் முன் பட்டறைக்காரரிடம் உரிமம் உண்டா என்று பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 50 மீட்டர் போட்டிகளில் சுடுபவர், பாயிண்ட் 22 ரைஃபிளுக்குச் சொந்த உரிமம் வைத்திருப்பவர். கிளப் நண்பர் சொன்னதை நம்பி, வெளியூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பெட்டிங் (bedding, துப்பாக்கியின் இரும்புப் பாகம் கட்டையில் அசையாமல் உட்கார எபாக்சிப் பசை போடும் வேலை) போடக் கொடுத்திருக்கிறார். கூலி 45,000 ரூபாய், துப்பாக்கி மூன்று வாரம் அங்கேயே இருந்திருக்கிறது. திரும்பி வந்த பிறகு குண்டுகள் சிதறுகின்றன, மாநிலத் தேர்வும் போய்விட்டது. கேட்டால் "உங்க கைதான் சரியில்ல" என்று வாட்ஸ்அப்பில் பதில். 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்கிறார்.

நண்பர் கைவிட்டது, கோச் எல்லார் முன்னாலும் திட்டியது எல்லாம் படித்தேன். வழக்குக்கு அதெல்லாம் தேவையில்லை. இவ்வளவு நீளமாக எழுதியவர் ஒன்றை மட்டும் எழுதவில்லை: அந்தப் பட்டறைக்காரருக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் இருக்கிறதா?

இருந்தால் உங்கள் வழக்கு நல்ல வழக்கு. இரண்டு வருடத்துக்குள், உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். ஆனால் சுட்ட டார்கெட் தாள்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். டார்கெட்டின் நடுவிலுள்ள பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான், தோட்டா லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினாலே பாயிண்ட் 22-இல் குண்டு அந்த அளவுக்கு விலகும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். பெட்டிங் என்பதே இரும்பு ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறி) கட்டையில் இழுபறி இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காருவதற்காகப் போடுவது. அது உட்காருகிறதா என்பதை அளந்தே காட்டலாம். டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது பேரல் எவ்வளவு நகர்கிறது என்று உரிமம் உள்ள வேறொரு துப்பாக்கி மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் அதுதான் சாட்சி. அதுவரை எபாக்சியைச் சுரண்டவோ புதிதாகப் போடவோ விடாதீர்கள். சுரண்டி எடுத்த பிறகு எதைக் காட்டிப் பேசுவீர்கள்?

உரிமம் இல்லையென்றால் கதையே வேறு. நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிவது, அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஷூட்டர்களுக்காக இதைப் பக்கத்தில் செய்கிறார். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5: உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 25(1)-இன்படி அதற்குக் குறைந்தபட்சம் 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். பெட்டிங் வெறும் தச்சு வேலைதானே என்று வாதாடலாம்தான். அது அவர் குற்றவாளிக் கூண்டில் நின்று பேச வேண்டிய வாதம், உங்கள் புகாரை அதன்மேல் கட்ட முடியாது. அப்புறம், கட்டையும் சட்டப்படி துப்பாக்கியின் பாகம்தான். போதாததற்கு ஆக்‌ஷனும் பேரலும் இல்லாமல் யாரும் பெட்டிங் போட முடியாது, அதனால் "கட்டையை மட்டும்தான் கொடுத்தேன்" என்று நீங்களும் சொல்ல முடியாது.

உங்கள் பங்குக்குப் பிரிவு 29 இருக்கிறது. வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவரா என்று விசாரிக்காமல் ஆயுதத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதும் குற்றம். பழுதுபார்க்க எடுத்துப்போகலாம் என்று பிரிவு 3-இல் விதிவிலக்கு இருக்கிறதே என்று கிளப்பில் சொல்வார்கள். அது உரிமதாரர் உடனிருக்கும்போது, அல்லது அவர் எழுத்தில் அனுமதித்தபோது, துப்பாக்கியைக் கொண்டுபோவதற்கு மட்டும். உரிமம் இல்லாத பட்டறையில் மூன்று வாரம் வைத்திருப்பதற்கு இல்லை. மாவட்ட ஆட்சியர் பிரிவு 17-இன் கீழ் உங்கள் உரிமத்தையே ரத்து செய்யலாம். ஆணையத்தில் நீங்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தேன், என்ன வேலைக்குக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். போலீஸுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆணையத்திலும் பணம் கிடைப்பது சந்தேகம்தான், சட்டம் தடுத்த வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது. தேர்வு போனதற்கான 5 லட்சம் எந்த வழியிலும் வராது, அதை இன்றே மறந்துவிடுங்கள்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், வழக்குப் போட வருபவர்கள் விழுவது இங்கேதான். உரிமம் இல்லை என்று தெரிந்ததும் கோபத்தில் ஒரு மெசேஜ் போடுவார்கள்: "நாளைக்குள்ள பணம் வரலைன்னா ஸ்டேஷனுக்குப் போவேன்." போட்ட நிமிடம் பாதிக்கப்பட்டவரே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடலாம். குற்றப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டிப் பணம் பறிக்க முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 308, எந்தக் குற்றத்தைச் சொல்லி மிரட்டினீர்களோ அது ஆயுள் தண்டனைக்குரியதாக இருந்தால் பத்து வருடம் வரை போகும். மேலே சொன்ன பிரிவு 25(1) அப்படிப்பட்ட குற்றம்தான். ஏற்கெனவே இப்படி ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், மேற்கொண்டு ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம்.

என் யோசனை, சமரசம். 45,000-ஐத் திருப்பிக் கேளுங்கள், 30,000 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் மூலம் பேசி, வங்கி வழியாக வாங்குங்கள். எழுதும் தாளில் "பெட்டிங் வேலைக்குக் கொடுத்த தொகை திரும்பப் பெறப்பட்டது, மேற்கொண்டு பணக் கோரிக்கை இல்லை" என்பது போதும், வேலையின் பெயரை மாற்றிப் பொய்யாக எழுத வேண்டாம். "போலீஸில் புகார் தரமாட்டேன்" என்ற வரி அதில் வரவே கூடாது. அது செல்லாது, அதோடு பேரம் பேசியதற்கு அதுவே சாட்சி. போலீஸ் விசாரணை என்று தானாக வந்தால் வக்கீலோடு போங்கள், பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் உரிமத்தில் எல்லை தமிழ்நாடு என்று இருக்கிறதா, இந்தியா முழுவதும் என்று இருக்கிறதா என்பதையும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டறை மாநிலத்துக்கு வெளியே என்றால், பணம் பேசுவதற்கு முன்னால் முதலில் அதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.