காமிக் சான்ஸ் எழுத்துருவை எங்கே பயன்படுத்தலாம்? அதை ஏன் இவ்வளவு கேலி செய்கிறார்கள்?

காமிக் சான்ஸ் என்பது மார்க்கர் பேனாவால் கையெழுத்தாக எழுதியது போலத் தோன்றும் ஓர் ஆங்கில எழுத்துரு. மைக்ரோசாஃப்டின் ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் ஒன்று பேசும். அதன் பேச்சுக் குமிழுக்குள் செய்தித்தாள் பாணி எழுத்துருவான டைம்ஸ் நியூ ரோமன் இருந்ததைப் பார்த்து, இது பொருந்தவே இல்லையே என்று அங்கு வேலை செய்த வடிவமைப்பாளர் வின்சென்ட் கானேர் 1994-ல் காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து உருவாக்கியது இது.

பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகளின் முனைகள் உருண்டிருக்கும், தடிமன் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆங்கிலச் சிறிய 'ஏ' (a) வழக்கமான அச்சு வடிவில் இருக்காது. குழந்தை எழுதுவது போல ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கோடு. இதனால்தான் படிப்பவருக்கு ஒரு நெருக்கம் வருகிறது. மழலையர் வகுப்புச் சுவர், பிறந்தநாள் அழைப்பு, சிறுவர் விளையாட்டு அட்டை, இங்கெல்லாம் தாராளமாகப் போடலாம்.

கேலி வந்தது எழுத்துருவால் அல்ல, இடத்தால். பூப்போட்ட சட்டை பிக்னிக்குக்குச் சரி. துக்க வீட்டுக்கு அதையே போட்டுப் போனால்? 2012-ல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள், ஹிக்ஸ் என்ற அணுவினும் சிறிய துகள் பற்றிய முடிவுகளை அறிவித்தபோது ஒரு குழுவின் ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. பாவம், இயற்பியலோடு அதுவும் பேசுபொருளானது.

அப்புறம், பலர் நினைப்பது போலத் தமிழ் வரிகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் கையெழுத்தாக மாறாது. இதில் தமிழ் எழுத்துகளே இல்லை. கணினி சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும்.