கேளுங்கள், சொல்கிறேன்

● அலெக்சாண்டரைப் பற்றிப் பள்ளியில் படித்தது போரஸோடு நின்றுவிட்டது. அவனை நாயகனாக வைத்துப் பெரிய காவியம் ஏதாவது உண்டா? - ஒரு வாசகி, மன்னார்குடி

உண்டு. லத்தீனில், ‘அலெக்சாந்த்ரெயிஸ்’. பாடியவர் ரோமானியர் இல்லை, பிரெஞ்சுக்காரர். ஷத்தியோன் வால்ட்டர் என்பார்கள். காலம் சுமார் 1180. அதாவது, அலெக்சாண்டர் செத்து 1,500 வருஷம் கழித்து! பத்துக் காண்டம், ஐயாயிரத்துச் சொச்சம் அடிகள். காண்டங்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் ‘குயில்லெர்முஸ்’ என்று வரும். அவருடைய புரவலரான ரைம்ஸ் நகரப் பேராயரின் பெயர் அது. ஐஸ் வைப்பதிலும் ஒரு நாசூக்கு.

போர்க்களங்களைவிட எனக்குப் பிடித்தது பத்தாம் காண்டம்தான். உலகத்தையே வளைத்துப் போட்ட பிறகும் அலெக்சாண்டருக்குப் போதவில்லை. நைல் நதியின் ஊற்றைத் தேடப் போகிறானாம், சொர்க்கத்தையே முற்றுகையிடப் போகிறானாம். இயற்கை அன்னைக்குப் பொறுக்கவில்லை. செய்துகொண்டிருந்த படைப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு நரகத்துக்கு இறங்கிப் போய், சாத்தானிடம் முறையிடுகிறாள். அவனை எங்கே சீண்ட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்: “முதல் மனிதனைத் தோட்டத்திலிருந்து விரட்டினாயே பாம்பே, அந்தத் தோட்டம் இப்போது அலெக்சாண்டர் கைக்குப் போனால் உனக்கு என்ன பெருமை?” அவ்வளவுதான், நரகத்தில் அவசரக் கூட்டம். துரோகம் என்கிற பாத்திரம் எழுந்து, “விஷம் என்னிடம் இருக்கிறது” என்கிறது. கடைசியில் உலகம் போதாதவனுக்குப் பளிங்கில் வெட்டிய ஐந்தடிக் குழி போதுமானதாகிறது. நாமாவது ஆறடி கொடுப்போம். வால்ட்டர் அதிலும் ஓரடி குறைத்துவிட்டார்.

கிறிஸ்தவக் கவிஞர் இந்தக் கதையைத் தொட்ட காரணமே இந்தக் காண்டம்தான் என்பது என் கட்சி. ஒன்பது காண்டம் ஏற்றிவைத்ததெல்லாம் இந்த இறக்கத்துக்காகத்தான்.

● அதை யாராவது படித்தார்களா, இல்லை பேராயரோடு சரியா? - இன்னொரு வாசகர், தேனி

பள்ளிப் பாடமாகவே வைத்தார்கள் ஐயா! இருநூறுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இன்றும் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஐஸ்லாந்து வரை போய் அங்கே உரைநடையாகிவிட்டது. ஸ்பானிய மொழியில் எழுந்த அலெக்சாண்டர் காவியத்துக்கும் இதுதான் மூலம். அலெக்சாண்டருக்குப் பயந்து ஓடும் பாரசீக மன்னன் தாரியஸ், சொந்தத் தளபதி பெஸ்ஸஸ் கையில் மாட்டிச் சாகப்போகிறான். அந்த இடத்தில் வால்ட்டர் பாடிய அடி, “கரிப்டிஸுக்குத் தப்பப் பார்த்து சில்லாவிடம் விழுகிறாய்” என்பது. முன்னது கப்பலை விழுங்கும் கடற்சுழி, பின்னது ஆளை விழுங்கும் ராட்சசி. அந்த அடி ஐரோப்பாவில் பழமொழியாகவே புழங்கியது, பாடியவர் பெயர் தெரியாதவர்கள் வாயிலும்.