கண்டாங்கிக் கட்டம்: கேள்வி பதில்

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தையும் கோபுரக் கரையையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பழைய கண்டாங்கித் துண்டுகளை இணைத்துக் கையால் தைத்துவரும் ஆச்சி ஒருவர் எழுதிய பதில்கள்.

கானாடுகாத்தான் மாணவி: ஆச்சி, கட்டத்தை முதலில் தாளில் வரைந்துகொள்ள வேண்டுமா?

வரைய வேண்டியதில்லை அம்மா, எண்ண வேண்டும். இத்தனை இழை அரக்கு, இத்தனை இழை கறுப்பு என்ற வரிசை, நீளவாட்டு இழைகளான பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடுகிறது. அதே வரிசையில் நாடாவை (நூலைச் சுமந்து ஓடும் ஓடத்தை) மாற்றி மாற்றி, குறுக்கு இழையான ஊடையைச் செலுத்தும்போது பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டமாகின்றன. ஆனால், இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வைத்தால் சதுரம் வந்துவிடும் என்று எண்ணிவிடாதே. எடுத்துக்காட்டாக, ஓர் அங்குலத்துக்குப் பாவில் 60 இழையும் ஊடையில் 50 இழையும் அமையும் துணியில், பாவின் 30 அரக்கு இழைகள் அரை அங்குலம் பிடிக்கும். ஊடையிலும் 30 இழை விட்டால் கட்டம் நீண்டு செவ்வகமாகிவிடும். 25 விட்டால்தான் சதுரம் நிற்கும். அதன் பிறகும், ஊடையைக் காலையில் ஓங்கியும் மாலையில் தளர்த்தியும் அடித்தால் கட்டத்தின் உயரம் மாறிவிடும். முந்தி வரை கட்டம் ஒரே அளவில் நிற்கும் சேலையை விரிக்கும்போதெல்லாம், நெய்தவரின் கை நிதானத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

தேவகோட்டை வாசகர்: இரண்டே நிற நூல் என்கிறார்கள், எனக்கு மூன்று நிறம் தெரிகிறதே?

உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. அரக்கு அரக்கைச் சந்திக்கும் இடமும் கறுப்பு கறுப்பைச் சந்திக்கும் இடமும் தூய நிறமாக இருக்கும். மற்ற இடங்களில் இரண்டும் புள்ளி புள்ளியாகக் கலந்து மூன்றாவது நிறமாகத் தோன்றும். பட்டைகள் சம அகலமானால், பரப்பில் பாதி இந்தக் கலப்பு நிறம்தான்.

பள்ளத்தூர் வாசகி: கோபுரக் கரையின் முக்கோணம் எப்படிச் சாய்வாக வருகிறது?

உண்மையில் அது சாய்வே இல்லை. தறியில் இழைகள் நேருக்கு நேர்தான் சந்திக்கும். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை ஓட்டும் கோர்வை முறையில், கரை ஊடையும் உடல் ஊடையும் பின்னிக்கொள்ளும் இடத்தைச் சில இழைகள் உள்ளே தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், உச்சி வந்ததும் அதே கணக்கில் திரும்பி வருகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் படிக்கட்டு தெரியும். கோபுரமும் நிலை நிலையாகத்தானே எழுகிறது!

காரைக்குடி வாசகி: அப்பத்தாவின் கண்டாங்கியை வெட்டிச் சுவர்த் தொங்கல் தைக்கலாமா?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்பதற்காக மட்டும் அல்ல, அப்பத்தா உடுத்தியது என்பதற்காகவே முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் வெட்டாதீர்கள், உடுத்துங்கள். நைந்திருந்தால் மட்டுமே கத்தரியை எடுங்கள். வெட்டுவதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய துணி கோணியிருக்கும். ஆகவே அளவுகோலை நம்பாமல் கட்டத்தின் கோட்டிலேயே வெட்டுங்கள். ஒரு துண்டைக் கால் வட்டம் திருப்பி அடுத்ததன் மேல் வைத்துப் பாருங்கள்: கட்டம் உண்மையான சதுரமாக இருந்தால் கோடுகள் பொருந்தும். பொருந்தாவிட்டால், எல்லாத் துண்டுகளையும் பாவு ஒரே திசையில் நிற்கும்படி அடுக்கி, கோட்டை ஒட்டியே நூலோட்டமாகத் தைத்துச் செல்லுங்கள்.