அக்கா கிட்ட கேளுங்க: கேப்டவுன் ஆர்ட் கேலரி

கேள்வி: டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு கேப்டவுன் போறோம் அக்கா. மாமியார், ரெண்டு பிள்ளைங்க, நாங்க ரெண்டு பேர். நேஷனல் கேலரிக்கு ஏகப்பட்ட கிளை இருக்காமே, ஒரே டிக்கெட்டா? ஒரே நாள்ல முடிச்சிடலாமா? (டர்பன் சாட்ஸ்வர்த் வாசகி)

பதில்: முடிக்கலாம்மா, ஆனா ராத்திரி மாமியார் காலை யாரு புடிச்சு விடறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்குங்க. 2001லேர்ந்து இசிக்கோங்கிற பேர்ல பல மியூசியங்கள் ஒரே நிர்வாகத்துல இருக்கு, கோசா பாஷையில இசிக்கோன்னா அடுப்படி, நேஷனல் கேலரி அதுல ஒண்ணு, அவ்வளவுதான். ஒவ்வொரு வாசல்லயும் தனித்தனியா டிக்கெட் எடுக்கணும். டிசம்பர் 16 மாதிரி சில தேசிய நாள்ல இலவசமா விடுவாங்க, காசு மிச்சம், கூட்டமும் ஜாஸ்தி. அதே இசிக்கோல இன்னொண்ணு, மேக்ஸ் மைக்கேலிஸ்ங்கிற சுரங்க முதலாளி 1914ல குடுத்த பழைய டச்சு ஓவியங்களுக்குப் பேர்போன, கிரீன்மார்க்கெட் ஸ்கொயர்ல இருக்குற ஓல்டு டவுன் ஹவுஸ், அது 1755ல கட்ட ஆரம்பிச்ச கட்டடம், ரிப்பேர்னு பூட்டியிருந்தாலும் இருக்கும், போன் போட்டுட்டுப் போங்க. எனக்கு அந்தக் கறுப்புக் கோட்டு தொரைங்க மூஞ்சி பத்து நிமிஷத்துலயே போரடிச்சிடும். கைடு வேணும்னா முன்கூட்டியே எழுதிக் கேட்டுருங்க, அப்பவே இப்ப எதெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்கன்னும் கேளுங்க, கையில இருக்குற படம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டவே மாட்டாங்க, மாத்தி மாத்தித்தான் வெப்பாங்க.

கேள்வி: நேஷனல் கேலரியில கொம்பு வெச்ச மூணு உருவம் உக்காந்திருக்கிற போட்டோ பார்த்தேன், எனக்கே பயமா இருக்கு. பிள்ளைங்களைக் காட்டலாமா? (டொங்காட்)

பதில்: ஜேன் அலெக்சாண்டர் 1985-86ல செஞ்ச 'புட்சர் பாய்ஸ்' அது. ஒரு பெஞ்சு, அதுல ஆள் உசரத்துக்கு மூணு பேர், மனுஷ உடம்பு, தலையில ஒடஞ்ச கொம்பு, கண்ணு கறுப்பா மின்னுது. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாத்தான் தெரியும், வாயே இல்ல, வாய் இருக்க வேண்டிய எடத்துல தடிச்ச தோலு, காதும் வெறும் பள்ளம். நிறவெறி அரசு அவசரநிலை போட்டு ஊரே பத்தி எரிஞ்ச வருஷங்கள்ல செஞ்சது, யார் கத்தினாலும் கேக்காத காது, எதுக்கும் பதில் சொல்லாத வாய். என் தங்கச்சி பையன், எட்டு வயசு, பயப்படவே இல்ல, "பெரியம்மா, இவங்க சாப்பாடு எப்படி சாப்பிடுவாங்க?"ன்னு கேட்டான், பதில் சொல்ல முடியாம முழிச்சது நான்தான். தைரியமா காட்டுங்க, ஆனா அன்னிக்கு அது அங்க இருக்கான்னு கேட்டுட்டு.

கேள்வி: 1860ல கரும்புத் தோட்டக் கூலியா ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேர்ந்து டர்பனுக்கு வந்த குடும்பம் எங்களுது. கேப்டவுன் மியூசியத்துல நம்ம ஆளுங்களுக்கு என்ன இருக்கப்போவுது? (பீனிக்ஸ் வாசகர்)

பதில்: அண்ணே, ட்ரூரோ வர்றதுக்கு ஏறக்குறைய ரெண்டு நூறு வருஷம் முன்னாடியே நம்ம கரை ஆளுங்க அங்க போயாச்சு, கூலியா இல்ல, அடிமையா. கேலரிலேர்ந்து கவர்மென்ட் அவென்யூல பத்து நிமிஷம் கீழ நடந்தா ஸ்லேவ் லாட்ஜ் மியூசியம், டச்சுக் கம்பெனி தன்னோட அடிமைகளை அடைச்சு வெக்க 1679ல கட்டினது. பழைய பதிவேடுகள்ல அவங்க பேரோட வான் பெங்காலே, வான் மலபார், வான் கொரமாண்டல்னு வரும், வான்னா 'அந்த ஊர்லேர்ந்து வந்த'ன்னு அர்த்தம். கொரமாண்டல்னா நம்ம சோழமண்டலக் கரைதான். அப்பா பேரு போச்சு, ஊர் பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. பக்கத்துலயே சர்ச் ஸ்கொயர்ல 2008ல வெச்ச 11 கருங்கல் பாளம் இருக்கு, அதுலயும் அடிமைங்க பேரு செதுக்கியிருக்கு. ஓவியம் பாக்க நேரம் பத்தலைன்னாலும் பரவாயில்ல, இதை விட்டுட்டு வராதீங்க. நம்ம கரும்புத் தோட்டக் கதைக்கு டர்பன்லயே 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கே, முதல்ல அதைப் பார்த்தீங்களா?

கேள்வி: உள்ள சாப்பாடு எடுத்துட்டுப் போலாமா? (வெருளம்)

பதில்: கேலரி உள்ள கூடாது. வெளிய கம்பெனி கார்டன்ல மரத்தடியில உக்காந்து புளிசாதத்தைப் பிரிங்க, அணில் மடியில ஏறி உக்காரும், டப்பாவை மூடியே வெச்சுக்குங்க.