165 ஹெர்ட்ஸ் மானிட்டர் மடிக்கணினியில் 60-இலேயே நிற்பது ஏன்?

கேள்வி: 27 அங்குலம், 2560 × 1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் கொண்ட மானிட்டர் ஒன்றை வாங்கி, என் மடிக்கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்திருக்கிறேன். விண்டோஸ் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. யுஎஸ்பி-சி ஹப் வழியாக இணைத்துப் பார்த்தும் அதே நிலைதான். கணினியில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருக்கிறது. வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குறை மானிட்டரிலா, கணினியிலா? கணினியையே மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் குறை இருக்காது, இரண்டுக்கும் இடையே உள்ள பாதைதான் குறுகலாக இருக்கும். கிராஃபிக்ஸ் சிப்பில் உருவாகும் படம், கணினியின் போர்ட், கேபிள், இடையில் ஹப் அல்லது அடாப்டர் இருந்தால் அது, கடைசியாக மானிட்டரின் போர்ட் என ஒவ்வொன்றாகக் கடந்து திரையை அடைகிறது. மானிட்டர் தன்னால் எந்தெந்த அளவுகளைக் காட்ட முடியும் என்ற பட்டியலைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அந்தப் பட்டியலில், இணைப்பின் கொள்ளளவுக்குள் அடங்குபவற்றை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறது. ஆகவே அமைப்புகளில் 165 தெரியவில்லை என்றால், வழியில் ஏதோ ஓரிடத்தில் அது அடங்கவில்லை என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முன் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் உங்கள் மானிட்டருக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிடுவோம். 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் ஒரு படத்துக்குச் சுமார் 36.9 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் வழக்கமான 8 பிட் வண்ணத்தில் 24 பிட்டுகள். விநாடிக்கு 165 படங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 14.6 கிகாபிட் வருகிறது. வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி நேரத்தையும் சேர்த்தால் தேவை 16 முதல் 17 கிகாபிட் வரை உயர்கிறது. இதே மானிட்டர் 144 ஹெர்ட்ஸில் ஓடினால் 14 கிகாபிட்டைச் சற்றே தாண்டும். 60 ஹெர்ட்ஸில் 6-க்கும் குறைவு. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் அனைத்தும் இவற்றோடு ஒப்பிடுவதுதான்.

எச்டிஎம்ஐ என்ற ஒரே பெயரில், ஒரே வடிவத்தில், மிகவும் வேறுபட்ட கொள்ளளவுகள் உள்ளன. 2009-இல் வந்த 1.4 பதிப்பின் வேகம் விநாடிக்கு 10.2 கிகாபிட், 2013-இல் வந்த 2.0 பதிப்பின் வேகம் 18 கிகாபிட். ஆனால் இவ்விரண்டிலும் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றப்பட்டே அனுப்பப்படுவதால், ஐந்தில் ஒரு பங்கு அந்தக் குறியாக்கத்துக்கே போய்விடுகிறது. படத்துக்கு மிஞ்சுவது முறையே 8.16, 14.4 கிகாபிட். அதாவது 1.4 பதிப்பில் உங்கள் மானிட்டர் 60 அல்லது 75 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; 2.0 பதிப்பில் 144 வரை போகும், 165 அடங்காது. உங்களுக்கு 144-கூடத் தெரியாமல் 60 மட்டும் தெரிவதால், கணினியின் எச்டிஎம்ஐ 1.4 அளவிலானது என்பதே என் முதல் ஐயம். இன்டெலின் பத்தாம் தலைமுறை வரையிலான மடிக்கணினிச் சிப்கள் பலவற்றில், சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே. தனி கிராஃபிக்ஸ் சிப் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், போர்ட்டின் கம்பி அந்தப் பகுதியோடு இணைக்கப்பட்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தும்.

இந்த ஐயத்தைச் செலவில்லாமல் சோதிக்கலாம். மானிட்டரின் பிக்சல் அளவைத் தற்காலிகமாக 1920 × 1080 ஆகக் குறைத்துவிட்டு, வேகப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அங்கே 120 அல்லது அதற்கு மேல் தோன்றினால், கொள்ளளவுதான் தடை என்பது ஏறத்தாழ உறுதி. அங்கேயும் 60 மட்டுமே இருந்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம்: மடிக்கணினித் திரையையும் மானிட்டரையும் ஒரே படத்தைக் காட்டும்படி வைத்திருந்தால் இரண்டுக்கும் பொதுவான குறைந்த வேகமே கிடைக்கும், அதை நீட்டிப்பு முறைக்கு மாற்றிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் முறையாக நிறுவப்படாமல் விண்டோஸின் பொது டிரைவரில் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலை வரும்.

மானிட்டரின் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பல மானிட்டர்களில், எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு இணைப்பு வகையான டிஸ்ப்ளேபோர்ட் வழிக்கு மட்டுமே உரியது. எச்டிஎம்ஐ வழியில் அதைவிடக் குறைந்த வேகமே கிடைக்கும் என்பது கையேட்டின் விவரப் பட்டியலில்தான் எழுதியிருக்கும். மானிட்டரின் சொந்தப் பட்டியில் (மெனுவில்) டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பைப் பழையதாக வைத்திருக்கும் தேர்வும், உச்ச வேகத்தைத் தனியாக இயக்க வேண்டிய ஓவர்கிளாக் தேர்வும் சில மாதிரிகளில் உண்டு. அந்தப் பட்டியை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

இனி தீர்வுக்கு வருவோம். உங்கள் கணினியின் யுஎஸ்பி-சி போர்ட், டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையை நேரடியாக அனுப்பக்கூடியதாக இருந்தால், ஒரு முனையில் யுஎஸ்பி-சியும் மறுமுனையில் டிஸ்ப்ளேபோர்ட்டும் கொண்ட ஒற்றைக் கேபிள் போதும். 2010-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 படத்துக்குத் தரும் கொள்ளளவு 17.28 கிகாபிட், உங்கள் 165 ஹெர்ட்ஸ் அதற்குள் நெருக்கமாக அடங்கிவிடுகிறது. 2016-இல் வந்த 1.4 பதிப்பில் 25.92 கிகாபிட் இருப்பதால், 10 பிட் வண்ணத்தோடும் தாராளமாக இடமிருக்கும். போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் இல்லாததால் மட்டும் வராது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சின்னமே அச்சிடாத தயாரிப்பாளர்களும் உண்டு. கணினியின் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில், யுஎஸ்பி-சிக்கு எதிரே டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. தரவுக்கும் மின்னேற்றத்துக்கும் மட்டுமே ஆன யுஎஸ்பி-சி போர்ட்டுகளும் உள்ளன. அவற்றில் எந்தக் கேபிளைச் செருகினாலும் படம் வராது.

அப்படியானால் ஹப் வழியாக இணைத்தபோது ஏன் 60? இந்த இடத்தில்தான் வாசகர்கள் மிகுதியாக ஏமாற்றம் அடைகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். யுஎஸ்பி-சி இணைப்பில் அதிவேகத் தடங்கள் நான்கு. நேரடிக் கேபிளில் நான்கும் படத்துக்கே கிடைக்கின்றன. ஹப்பில் பென் டிரைவுக்கும் நெட்வொர்க்குக்கும் வேகமான யுஎஸ்பி தேவைப்படுவதால், வழக்கமாக இரண்டு தடங்கள் அதற்குப் போய்விட, படத்துக்கு எஞ்சுவது இரண்டே. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்களின் கொள்ளளவு 8.64 கிகாபிட்; 1.4 வேகத்திலும் 12.96 கிகாபிட்தான். முன்னதில் 1440 மானிட்டர் 85 ஹெர்ட்ஸைத் தாண்டுவதே கடினம்; பின்னதில் 120 வரை போகலாம், 144 முடியாது. அதன் பிறகு ஹப்புக்குள் இருக்கும் மாற்றிச் சிப், அந்தச் சமிக்ஞையை எச்டிஎம்ஐயாக மாற்றுகிறது. 4கே (3840 × 2160 பிக்சல்) 30 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் ஹப்பில் இந்தச் சிப் எச்டிஎம்ஐ 1.4 அளவில் இருப்பதால், உங்கள் மானிட்டர் மீண்டும் அதே பழைய வரம்புக்குள் சிக்கிக்கொள்கிறது. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக்குகள் (மேசையில் வைக்கும் பெரிய ஹப்கள்) இன்னொரு வகை: படத்தைச் சுருக்கி, யுஎஸ்பி தரவாகவே அனுப்புகின்றன. பல திரைகளில் அலுவலக வேலை செய்ய அவை மிகவும் பயனுள்ளவை. விரைவான அசைவுகளுக்காக ஒரு மானிட்டரை வாங்கியவருக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்களிடம் யுஎஸ்பி-சி போர்ட் இரண்டு இருந்தால் ஒன்றில் மானிட்டரை நேரடியாகவும், மற்றொன்றில் ஹப்பையும் இணையுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை மானிட்டருக்கு ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையையும் மவுஸையும் சாதாரண யுஎஸ்பி போர்ட்டுகளில் வைத்துக்கொள்ளலாம்.

கேபிள் வாங்கும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. தொலைபேசியோடு வரும் மின்னேற்றக் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. இரு முனையும் யுஎஸ்பி-சியாக இருந்தாலும் அவற்றில் படம் செல்லும் தடங்களே இல்லை. அடுத்தது திசை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான அடாப்டரைத் திருப்பிப் பயன்படுத்தி, கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்குத் தனி மின்சாரம் பெறும் மாற்றி வேண்டும். அதை வாங்கினாலும் கணினியின் எச்டிஎம்ஐ வரம்பு அப்படியே இருக்கும் என்பதால் உங்கள் சிக்கல் தீராது.

புதிய கணினி வாங்க எண்ணும் வாசகர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்ஐ 2.1 பதிப்பின் உச்சம் 48 கிகாபிட். ஆனால் அந்தப் பதிப்பின் புதிய வசதிகள் பலவும் கட்டாயமல்ல என்பதால், 18 கிகாபிட்டுக்கு மேல் போகாத ஒரு போர்ட்டையும் 2.1 என்று அழைக்க இடமிருக்கிறது. பதிப்பு எண்ணை நம்பாமல், எந்தப் பிக்சல் அளவில் எத்தனை ஹெர்ட்ஸ் வரும் என்று எழுத்தில் இருக்கிறதா எனப் பாருங்கள். 2021 மேக்புக் ப்ரோவின் எச்டிஎம்ஐ 4கே 60 ஹெர்ட்ஸோடு நிற்க, அதே தோற்றத்தில் 2023-இல் வந்த மாதிரியின் எச்டிஎம்ஐ 4கே 240 ஹெர்ட்ஸ் வரை போகிறது. வெளியிலிருந்து பார்த்து இந்த வேறுபாட்டை யாராலும் சொல்ல முடியாது.

4கே மானிட்டரில் 144 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் 25.92 கிகாபிட்டும் போதாது. அங்கே டிஎஸ்சி என்ற படச் சுருக்க முறை கைகொடுக்கிறது. அதைக் கிராஃபிக்ஸ் சிப், மானிட்டர் இரண்டுமே அறிந்திருக்க வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் இது உண்டு, ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் இல்லை. டிஎஸ்சி இல்லாத இணைப்பில் சில கணினிகள் வண்ணத் தகவலைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகின்றன. திரைப்படம் பார்க்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. வண்ண எழுத்துகளின் ஓரங்கள் மங்கிவிடுவதால், படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் திரைக்கு அது நல்ல பரிமாற்றம் அல்ல. அத்தகைய நிலையில் 120 ஹெர்ட்ஸில் முழு வண்ணத்தோடு வைத்துக்கொள்வதே மேல்.

இணைத்த பிறகு வேகம் தானாக உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸ் பல நேரங்களில் புதிய மானிட்டரை 60-இலேயே தொடங்குகிறது. அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று, மேலே உள்ள பட்டியலில் வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்த பின்னரே வேகத்தை மாற்றுங்கள். மடிக்கணினியின் சொந்தத் திரைக்கு உரிய பட்டியலைப் பார்த்துவிட்டு 165 இல்லை என்று முடிவு செய்பவர்கள் பலர். அதே பக்கத்தில் அந்த மானிட்டர் எந்தக் கிராஃபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கிறது என்பதும் எழுதியிருக்கும். நீங்கள் விளையாட்டுக்காக இதைச் செய்கிறீர்கள் என்றால் அந்த வரி முக்கியமானது. தனி சிப்பில் உருவாகும் படம், முதன்மைச் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியின் வழியாக வெளியேற நேர்ந்தால், ஒவ்வொரு படமும் ஒருமுறை நகலெடுக்கப்பட வேண்டியிருப்பதால் வேகம் சற்றுக் குறையும். இரண்டு போர்ட்டுகளும் 165-ஐத் தரும் நிலை இருந்தால், தனி சிப்போடு நேரடியாக இணைந்த போர்ட்டையே தேர்ந்தெடுங்கள்.

யுஎஸ்பி-சியில் படமே வராத கணினி என்று தெரியவந்தால், எச்டிஎம்ஐயில் கிடைப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது; 144-இல் 6.9, 165-இல் 6.1. முதல் பாய்ச்சலை மவுஸை அசைத்த உடனேயே உணர்வீர்கள். 144-க்கும் 165-க்கும் இடையே இருப்பது ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. ஆகவே எப்படியாவது 144 கிடைத்துவிட்டால், எஞ்சிய 21 ஹெர்ட்ஸுக்காகச் செலவு செய்ய வேண்டாம். 60-ஐத் தாண்டவே முடியாத கணினியாக இருந்தால், விளையாடும்போது மட்டும் 1920 × 1080-க்கு இறங்கி 120-இல் ஓட்டிப் பாருங்கள். எழுத்து சற்றுத் தெளிவிழந்தாலும் அசைவில் கிடைக்கும் மென்மை அதை ஈடுசெய்யும் என்பது என் கருத்து.

நேரடிக் கேபிளில் 165 தோன்றி, தேர்ந்தெடுத்ததும் திரை சில நொடிகள் கறுத்துக் கறுத்து மீண்டால், அது பெரும்பாலும் கேபிளின் குறை. 144-க்கு இறக்கி நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தால், இரண்டு மீட்டருக்கு மேற்படாத, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்துக்கு உரியது என்று குறிப்பிட்ட வேறொரு கேபிளை மாற்றிவிட்டு மீண்டும் 165-ஐத் தேர்ந்தெடுங்கள்.